ரோ மானுக்கு .223, .243: ஸ்காட்லாந்து எல்லையின் இரண்டு பக்கமும் எது செல்லும்?

சாரல்_வடக்கு:
இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஒரு பண்ணை, எல்லை தாண்டி ஸ்காட்டிஷ் பார்டர்ஸில் ஒரு காடு. இரண்டுக்கும் நில உரிமையாளரின் எழுத்து அனுமதி இருக்கிறது. பெரும்பாலும் ரோ என்ற சின்ன மான், எப்போதாவது பெரிய செம்மான். எஃப்.ஏ.சி.யில், அதாவது துப்பாக்கிச் சான்றிதழில், ஒரு .223 ரைபிள், ஒரு .243 ரைபிள். சைலன்சர் மாட்டினாலும் நீளம் கட்டுக்குள் இருக்கட்டும் என்று .243-இன் பேரலை 18 அங்குலமாகக் குறைத்தாயிற்று. இனி ஈயத்தை விட்டுச் செம்புக் குண்டுக்கு மாற எண்ணம். ரோவுக்கு .223 போதுமா? .243 இரண்டு பக்கமும் செல்லுமா? இதற்கெல்லாம் தனியாக மான் வேட்டை உரிமம் வாங்க வேண்டுமா?

கல்லுமேடு:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பருவ காலத்தில், பகலில் சுடுவதற்கு இரண்டு நாட்டிலும் தனி மான் உரிமம் கிடையாது. 1968 ஃபயர்ஆர்ம்ஸ் சட்டப்படி போலீஸ் கொடுக்கும் எஃப்.ஏ.சி.யும் நில அனுமதியும்தான் கணக்கு. தடைக்காலத்திலோ இரவிலோ சுட வேண்டுமென்றால்தான் இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்திடமும் ஸ்காட்லாந்தில் நேச்சர்ஸ்காட்டிடமும் (இரண்டும் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள்) உரிமத்துக்குப் போக வேண்டும். இரவு என்பது சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு முடிகிறது.

இப்போது .223. ஸ்காட்லாந்தில் ரோவுக்கு மூன்று அளவுகள்: குண்டு 50 கிரெய்னுக்கு (குண்டின் எடை அளவு) குறையக் கூடாது, வேகம் நொடிக்கு 2,450 அடி, பேரல் வாயில் ஆற்றல் 1,000 அடி-பவுண்ட். குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண 55 கிரெய்ன் .223 நொடிக்கு 3,240 அடியில் போனால் சுமார் 1,280 அடி-பவுண்ட் வரும். தாராளம்.

அதே மான் வேலி தாண்டி நார்தம்பர்லாந்துக்குள் வந்துவிட்டால் .223 செல்லாது. 1991 மான் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இரண்டு கோடுகளைப் போடுகிறது: காலிபர் (குழலின் உள்விட்டம்) .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. .223 முதல் கோட்டிலேயே விழுந்துவிடுகிறது. .22-250-உம் அப்படியே, எவ்வளவு வேகமாகப் போனாலும் பயனில்லை. 2007-இல் வந்த விலக்கு முண்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும்: காலிபர் .220, குண்டு 50 கிரெய்ன், ஆற்றல் 1,000. முண்ட்ஜாக் நம் கேளையாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு, உருவம் சின்னது, அதனால் இந்தச் சலுகை. ரோவுக்கு இல்லை.

எஃப்.ஏ.சி.யில் .223-க்கு எதிரே என்ன நிபந்தனை அச்சாகியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நரிக்கு மட்டும் என்றிருந்தால் ஸ்காட்லாந்தில் ரோவைச் சுடுவது மான் சட்டத்தில் சரி, சான்றிதழ் நிபந்தனையில் மீறல். ‘மான்’ என்றோ, ‘சட்டப்படியான மற்ற வேட்டை விலங்குகள்’ என்றோ ஒரு வரி வேண்டும்.

கிரெய்ன்_கணக்கு:
.243 செல்லும் என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் நம்பாதேயுங்கோ. சட்டம் கேட்பது உங்கட துவக்கின் வாயில் வாற ஆற்றலை. பெட்டியில் அச்சடிச்சிருக்கிற வேகம் வழக்கமாக 24 அங்குல சோதனைக் குழலில் எடுத்தது. உங்களுடையது 18. அங்குலத்துக்கு 25 அடி என்று வைத்தாலும் 150 அடி போச்சு.

கணக்கு லேசு. கிரெய்ன் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்ட். இதைத் திருப்பிப் போட்டால் 100 கிரெய்ன் ஈயச் சன்னத்துக்கு இங்கிலாந்தில் குறைந்தது 2,767 அடி வேகம் வேணும். ஸ்காட்லாந்தில் செம்மான் உட்பட, ரோ தவிர்ந்த எல்லா மானுக்குமான ஆற்றல் 1,750; அதற்கு 2,807. பெட்டியில் 2,960 போட்ட தோட்டா 18 அங்குலத்தில் 2,810-க்கு வந்து நிற்கும். விளிம்பில் நடக்கிற கதைதான். குளிர் நாளில் வெடிமருந்து இன்னும் கொஞ்சம் மந்தமாகும்.

செம்பு என்றால் வேறு சிக்கல். செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைவு, ஆகவே அதே எடைக்குச் சன்னம் நீளம். .243 துவக்குகளில் பெரும்பாலும் குழலின் உள்ளே 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரிதான். அது 100 கிரெய்ன் செம்பைச் சுழற்றி நேராகப் போக வைக்காது, இலக்குத் தாளில் குறுக்காக விழுந்த ஓட்டை தெரியும். ஸ்காட்லாந்தில் முன்பு ரோ தவிர்ந்த எல்லா மானுக்கும் 100 கிரெய்ன் குறைந்த அளவாக இருந்தபடியால் .243-காரர் செம்புக்கு மாற வழியே இல்லை. 2023 நவம்பரில் அதை 80 ஆக்கினது இதுக்காகத்தான். ஆனால் ஆற்றலைக் குறைக்கவில்லை. 80 கிரெய்ன் 1,750-ஐத் தொட 3,138 அடி வேணும், இங்கிலாந்தின் 1,700-க்கு 3,093. 18 அங்குலத்தில் இது எட்டுமா என்பதைக் வேகம் அளக்கிற குரோனோகிராஃப்தான் சொல்லவேணும். பத்துத் தோட்டா சுட்டு, சராசரியைப் பாராமல் ஆக மெதுவானதைப் பாருங்கோ.

தேவதாரு:
இங்கே பலர் தடுக்கி விழும் இன்னும் சில இடங்கள். .30-30-இல் 150 கிரெய்ன் 2,390 அடியில் சுமார் 1,900 அடி-பவுண்ட்; இங்கிலாந்தில் எல்லா மானுக்கும் சரி, ஸ்காட்லாந்தில் 2,450 வேகம் இல்லாததால் ரோவுக்குக்கூட ஆகாது. .308-இல் சப்சோனிக் (ஒலியை விட மெதுவான) தோட்டா போட்டால் 500-ஐ ஒட்டியே நின்றுவிடும், காலிபர் பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்? .300 பிளாக்அவுட்டில் வேகமான 125 கிரெய்ன்கூட 2,200 அடியில் 1,350-க்குள் நின்றுவிடும்.

ஜெர்மனியில் இதைவிடப் புத்திசாலித்தனம் என்பேன்: ஆற்றலை 100 மீட்டரில் கேட்கிறார்கள். ரோவுக்கு 1,000 ஜூல், செம்மானுக்கெல்லாம் 6.5 மி.மீ. காலிபரும் 2,000 ஜூலும். .243 அங்கே ரோவோடு சரி.

சாரல்_வடக்கு:
அளந்தாயிற்று. 80 கிரெய்ன் செம்பு, பத்துத் தோட்டா, சராசரி 3,040, மெதுவானது 3,018.

கிரெய்ன்_கணக்கு:
சராசரியை வைத்தாலே 1,642. மெதுவானது 1,618. ஆக உங்கட நிலை இப்படி: எல்லைக்கு வடக்கே ரோவுக்கு இந்தத் துவக்கும் இந்தத் தோட்டாவும் சட்டப்படி சரி, அங்கே 1,000 போதும். செம்மானுக்கு ஆகாது. தெற்கே ரோவுக்கும் ஆகாது, அங்கே ரோவுக்கும் செம்மானுக்கும் ஒரே அளவுதான்.

இங்கிலாந்தில் சன்னத்துக்குக் குறைந்த எடை இல்லாதபடியால் 70 கிரெய்னுக்கு இறங்கி 3,350 அடி எடுத்தால் 1,745 வரும், தெற்கே தப்பலாம். வடக்கே செம்மானுக்கு எடையிலும் தோல்வி, ஆற்றலில் ஐந்தே அடி-பவுண்டால் தோல்வி. இரண்டு பெட்டி தோட்டா வைத்து எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று யோசிக்கிற பிழைப்பு வேண்டாம்.

கல்லுமேடு:
ஆமாம், .243-ஐ 18 அங்குலத்துக்கு வெட்டியதுதான் வினை. இந்த நீளம் பிடித்திருக்கிறதென்றால் .308-க்குப் போங்கள். 150 கிரெய்ன் 2,600 அடிக்கு இறங்கினாலும் 2,250 அடி-பவுண்ட்; இரு பக்கமும் எல்லா மானுக்கும் போதும். 6.5 க்ரீட்மோர் என்ற காலிபரும் அப்படியே, உதைப்பு குறைவு.

நடைமுறை: போலீஸிடம் ஒன்றுக்கு ஒன்று வேரியேஷன் (ஒரு துப்பாக்கிக்குப் பதில் இன்னொன்று என்று சான்றிதழில் மாற்றம்) கேளுங்கள். துப்பாக்கி எண்ணிக்கை கூடாததால் கட்டணம் இல்லை. காரணமாக இரண்டு நிலத்தின் அனுமதிக் கடிதங்களையும், செம்மானும் உண்டு என்பதையும் எழுதுங்கள். புது காலிபருக்குத் தோட்டா வாங்கும் அளவு, வைத்திருக்கும் அளவு இரண்டையும் அதே படிவத்தில் கேட்டுவிடுங்கள். மறந்தால் துப்பாக்கி இருக்கும், தோட்டா வாங்க முடியாது. பழையதைக் கொடுத்ததையும் புதியது வந்ததையும் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

.243-இன் போல்ட் முகமும் (தோட்டாவின் அடிப்பகுதி பொருந்தும் இடம்) .308, க்ரீட்மோர் இரண்டின் போல்ட் முகமும் ஒரே அளவு. அதனால் முழுத் துப்பாக்கியை விற்காமல் பேரலை மட்டும் மாற்றுவதும் நடக்கும், ஸ்டாக்கும் ஸ்கோப்பும் அப்படியே இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் பேரலும் துப்பாக்கிதான். வேரியேஷன் கைக்கு வந்த பிறகே கன்ஸ்மித்திடம் போங்கள்.