ஓக்லஹோமாவின் மருத்துவக் கஞ்சா உரிமத் தடை தேவைதானா?

தெற்குச்சமவெளி எழுதியது:

ஓக்லஹோமா மாநிலத்தில் மருத்துவக் கஞ்சாவைப் பயிரிடவும் பதப்படுத்தவும் விற்கவும் புதிதாக உரிமம் தருவதை 2022 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். ஈராண்டுக்கு என்று தொடங்கிய அந்தத் தடையை அடுத்த ஆண்டே சட்டமன்றம் 2026 ஆகஸ்ட் 1 வரை நீட்டித்தது. உரிமம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம், புதியவர்களுக்கு வழியில்லை. இந்தத் தடையே தவறு என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஜூன் 26 அன்று நடந்த வாக்கெடுப்பில், மருத்துவக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் ‘மாநிலக் கேள்வி 788’ ஏறத்தாழ 57 விழுக்காடு ஆதரவுடன் வென்றது. வேறு மாநிலங்களில் இன்னின்ன நோய்களுக்குத்தான் கஞ்சா என்று பட்டியல் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை, மருத்துவர் பரிந்துரைத்தால் போதும். பயிரிடுபவருக்கும் விற்பவருக்கும் ஆண்டுக் கட்டணம் அன்று 2,500 டாலராக இருந்தது. உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. தகுதி இருந்தால் பதினான்கு நாளில் உரிமம் தந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. பெரிய முதலீட்டாளர்கள் மட்டுமே நுழையக்கூடிய தொழிலாக நாடெங்கும் மாறிக்கொண்டிருந்த ஒன்றில், ஒரு சிறு விவசாயியும் கால் வைக்க முடிந்த மாநிலம் இதுதான். அந்த வாசலை இன்று மூடியிருக்கிறோம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

நீங்கள் பெருமையாகச் சொல்லும் அதே விதிகள்தாம் கேட்டையும் கொண்டுவந்தன. சுமார் 40 லட்சம் மக்கள் வாழும் மாநிலத்தில் விற்பனையகங்கள் 2,000-ஐத் தாண்டின; பத்து மடங்கு மக்கள் வாழும் கலிஃபோர்னியாவில்கூட அத்தனை இல்லை. பயிரிடுவோர் உரிமங்கள் 8,000-க்கும் மேல் போயின. மாநிலத்தின் மருத்துவக் கஞ்சா ஆணையமே பணித்துச் செய்யவைத்த ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. நோயாளிகளுக்குத் தேவைப்படும் ஒவ்வொரு 1 கிராமுக்கும் உரிமம் பெற்ற பண்ணைகளிலிருந்து 64 கிராம் வழங்கப்படுகிறது என்பது அதன் கணக்கு. ஆரோக்கியமான சந்தைக்கு ஒன்றுக்கு இரண்டு போதும் என்றும் அதே ஆய்வு சொன்னது. மீதி எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சா இன்னும் சட்டவிரோதமாக இருக்கும் மாநிலங்களுக்கு லாரி ஏறிப் போயிற்று.

அடுத்தது பினாமி விவகாரம். உரிமத்தில் 75 விழுக்காடு பங்கு ஓக்லஹோமாவாசிகளிடம் இருக்க வேண்டும் என்பது விதி. 2019-இல் வந்த சட்டம், அந்த உள்ளூர்ப் பங்குதாரர் குறைந்தது ஈராண்டாக அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று அதை இறுக்கியது. நடந்தது என்ன? உள்ளூரில் ஒருவரைப் பிடித்து, அவருக்கு ஒரு தொகையைக் கொடுத்து, அவர் பெயரில் உரிமம் வாங்கி, வெளி மாநிலத்து முதலாளிகள் பண்ணை நடத்தினார்கள். ஒரே முகவரியில் பல பண்ணைகளுக்கு ஒரே ஆள் உரிமையாளராக இருந்த வழக்குகள் நீதிமன்றம்வரை போயின. 2022 நவம்பரில் கிங்ஃபிஷர் மாவட்டத்தில் ஹென்னெஸி அருகே ஒரு கஞ்சாப் பண்ணையில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பண்ணைக்கும் உரிமம் இருந்தது. வாசலை மூடியதற்காக வருந்துகிறீர்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும்வரையாவது அதை மூடிவைக்க வேண்டாமா?

தெற்குச்சமவெளி எழுதியது:

ஹென்னெஸியில் நடந்ததைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் நீங்கள் அடுக்கும் ஒவ்வொரு சான்றும் எண்ணிக்கையின் குற்றமா, கண்காணிப்பின் குற்றமா என்று பிரித்துப் பாருங்கள். வாக்கெடுப்பு முடிந்த சில வாரங்களில் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு மருத்துவக் கஞ்சா ஆணையம் பொதுச் சுகாதாரத் துறையின் ஒரு மூலையில் இருந்த சிறு பிரிவு. தனி ஆணையமாக ஆனதே 2022 நவம்பரில்தான். விதையிலிருந்து விற்பனை வரை ஒவ்வொரு செடியையும் அடையாளச் சீட்டுடன் பின்தொடரும் மென்பொருள் கட்டாயமானது 2022 மே மாதத்தில். அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், எந்தப் பண்ணையில் எத்தனை செடி நிற்கிறது என்பது அரசுக்கே தெரியாது. இந்த நிலையில் 8,000 உரிமங்களுக்குப் பதில் 800 கொடுத்திருந்தாலும் சரக்கு வெளியே போயிருக்கும். எண்ணூறு பேரும் பெரிய கைகளாக இருந்திருப்பார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

கட்டணத்தையும் பாருங்கள். கொட்டகையில் சில விளக்குகளை மாட்டிப் பயிரிடுபவருக்கும், நூறு ஏக்கரில் பிளாஸ்டிக் குடில்களை வரிசையாக நிறுத்துபவருக்கும் அதே 2,500 டாலர் என்பதுதான் 788-இன் உண்மையான ஓட்டை. பின்னர் வந்த சட்டம் அதைப் பரப்பளவுக்கேற்ப மாற்றியது. உள்ளரங்கில் 10,000 சதுர அடி வரை 2,500 டாலர்; 20,000 வரை 5,000; 40,000 வரை 10,000; அதற்கு மேல் இன்னும் ஏறும். நிலத்தை ஐந்தாண்டாகச் சொந்தமாக வைத்திராத பயிரிடுவோர் 50,000 டாலருக்குப் பிணையப் பத்திரம் தர வேண்டும் என்ற விதியும் வந்தது. பண்ணையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடுபவர்களின் நிலத்தைச் சுத்தம் செய்ய அந்தப் பணம். இவற்றோடு சோதனைகளும் தீவிரமாயின. உரிமங்கள் பாதிக்கும் கீழே சுருங்கின. சரியும் விலையில் தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்களும் அதில் உண்டு. இவையெல்லாம் நடக்கும்போது, நேர்மையாகத் தொழில் தொடங்க வருபவரை மட்டும் ‘நீ வராதே’ என்று நிறுத்துவதால் என்ன பயன்? பழைய உரிமமே விலைபோகும் சொத்தாக மாறுகிறது. பினாமிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டுமா?

அல்லி எழுதியது:

இருவரும் பண்ணையையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஓக்லஹோமாவின் டல்சா நகரில் மருந்தாளுநராகப் பணியாற்றும் நான் நோயாளியின் பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலம் வரை இங்குள்ள விற்பனையகங்களில் கண்ணாடி ஜாடிகளில்தான் சரக்கு இருக்கும். பணியாளர் மூடியைத் திறந்து வாடிக்கையாளரின் மூக்கருகே நீட்டுவார். பிடித்ததென்றால் இடுக்கியால் எடுத்துத் தராசில் போட்டு, சிறு குப்பியில் அடைத்துக் கொடுப்பார். ஒரே ஜாடியை நாள் முழுவதும் எத்தனை பேருக்குத் திறந்து காட்டினார்களோ, அத்தனை பேரின் மூச்சும் அதில் பட்டிருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்து, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்த ஒருவர் அதை வாங்கிப் போகும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2025 ஜூன் 1 முதல் அரை கிராமிலிருந்து 3 அவுன்ஸ் வரையிலான அளவுகளில் முன்கூட்டியே பொதிந்துதான் விற்க வேண்டும் என்ற விதி வந்தது. சிறு விற்பனையாளர்கள் செலவு கூடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் உரிமத் தடையைப் பற்றிய அத்தனை கூச்சலையும்விட நோயாளிக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒரு விதிதான்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். 788-இல் சோதனை ஆய்வகங்களுக்கென்று உரிமமே இல்லை. 2019 சட்டத்தில்தான் அது வந்தது. வந்த பின்னும், தனக்குச் சாதகமான முடிவைத் தரும் ஆய்வகத்தைத் தேடிப் போகும் பழக்கம் ஒழியவில்லை. பூச்சிமருந்து எச்சமும் பூஞ்சையும் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர், சோதனைக்குக் காசு கொடுப்பவரின் தயவிலேயே இருக்கிறார். உரிமங்களின் எண்ணிக்கை எட்டாயிரமா இரண்டாயிரமா என்பதால் இது மாறப்போவதில்லை.

கார்காலம் எழுதியது:

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் வசிக்கிறேன். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறவர்கள் அலபாமாவைப் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் ஆளுநர் கே ஐவி கையெழுத்திட்ட சட்டம், பயிரிடுவதிலிருந்து விற்பதுவரை அனைத்தையும் ஒரே நிறுவனம் செய்யும் ஒருங்கிணைந்த உரிமங்களை ஐந்தோடு நிறுத்தியது. தனி விற்பனையாளர்களுக்கு அதிகபட்சம் நான்கு உரிமங்கள். புகைப்பதற்கு அனுமதி இல்லை. ஐந்து இடங்களுக்கு முட்டி மோதியவர்களில் தோற்றவர்கள் எல்லாம் நீதிமன்றத்திற்குப் போனார்கள். 2023 ஜூனில் உரிமம் அறிவித்தார்கள், நிறுத்தினார்கள். ஆகஸ்டில் மீண்டும் அறிவித்தார்கள், திரும்பப் பெற்றார்கள். டிசம்பரில் மூன்றாம் முறை அறிவித்தார்கள், அதுவும் வழக்கில் சிக்கியது. சட்டம் நிறைவேறி ஆண்டுகள் கடந்தும் நோயாளியின் கைக்கு ஒரு மாத்திரை வரவில்லை. ஓக்லஹோமாவில் அளவுக்கு மீறிக் கிடைத்தது என்று நீங்கள் வாதிடுகிறீர்கள். இங்கே கிடைக்கவே இல்லை என்பதற்கு வழக்குரைஞர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அலபாமாவில் தோற்றது உச்சவரம்பு அன்று, விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்ட முறை. ஒருவருக்கு ஏன் கூடுதல் மதிப்பெண், மற்றவருக்கு ஏன் குறைவு என்பதை ஆணையத்தால் நீதிமன்றம் ஏற்கும்படி விளக்க முடியவில்லை. இல்லினாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் சட்டம் இயற்றி, 22 பயிரிடும் மையங்கள், 60 விற்பனையகங்கள் என்று வரம்பு வைத்தார்கள். பயிரிட விண்ணப்பிக்கவே திருப்பித் தரப்படாத 25,000 டாலர். அனுமதி கிடைத்தால் முதலாண்டுக் கட்டணம் 2,00,000 டாலர். 2015 நவம்பரில் விற்பனை தொடங்கியது. ஓக்லஹோமாவில் கண்டது போன்ற பினாமிப் பண்ணைகளின் பெருவெள்ளம் அங்கே இல்லை. ஆய்வாளர் இருபத்திரண்டு இடங்களுக்குப் போய்வர முடியும். எட்டாயிரம் இடங்களுக்கு எந்த அரசாலும் போக முடியாது. இது கொள்கையே அன்று, வெறும் கூட்டல் கணக்கு.

தொழில்முறையில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களில் சிலர் பங்குதாரராகச் சேரலாமா என்று கேட்பதால் சொல்கிறேன். மாநிலச் சட்டம் எதைச் சொன்னாலும், கூட்டாட்சிச் சட்டத்தின்படி இது தடை செய்யப்பட்ட தொழில்தான். வருமான வரிச் சட்டத்தின் 280ஈ பிரிவு, இத்தொழிலில் வாடகை, சம்பளம் போன்ற வழக்கமான செலவுகளைக் கழிக்கவே விட்டதில்லை. அதைவிட முக்கியமானது: மாநில உரிமத்துடன் இத்தொழிலில் வேலை பார்த்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் ‘நன்னடத்தை’ நிபந்தனை அடிபடக்கூடும் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பச்சை அட்டையோடு இருப்பவர்கள் நண்பர் கேட்டார் என்பதற்காக உள்ளூர்ப் பங்குதாரராகப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள்.

தெற்குச்சமவெளி எழுதியது:

எச்சரிக்கைக்கு நன்றி, அதில் எனக்கு மறுப்பில்லை. இல்லினாய்க் கதையின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அங்கே நோயாளியாகப் பதிவு செய்ய முதல் சில ஆண்டுகள் கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் உள்ள நோய் இருந்தாக வேண்டும். ஓக்லஹோமாவில் அட்டைக்கு 100 டாலர், அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 20 டாலர், ஈராண்டுக்குச் செல்லும். ஊருக்கு ஊர் கடை இருந்ததால் விலையும் இறங்கியது. முதுகுவலியோடு பண்ணை வேலை பார்க்கும் ஓர் எளியவர் எந்த மாநிலத்தில் நோயாளியாக இருக்க விரும்புவார்? உச்சவரம்பு ஆய்வாளருக்கு வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வாளரின் வசதிக்காகவா சட்டம் இயற்றினோம்?

தடையை எடுத்துவிட்டு 2018-க்குத் திரும்பிப் போங்கள் என்று நான் கேட்கவில்லை. உரிமம் தருவதற்கு முன்பே நேரில் ஆய்வு நடக்க வேண்டும்; பதினான்கு நாள் கெடு போக வேண்டும். முதலீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கிச் சான்றோ ஈடான ஆவணமோ கேட்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பண்ணைகளை ஆணையத்தால் உண்மையாகவே சோதிக்க முடியுமோ, அத்தனை புதிய உரிமங்களை மட்டும் தரலாம்.

அல்லி எழுதியது:

அதோடு, சோதனைக்கான மாதிரியைப் பண்ணைக்காரர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆணையத்தின் ஆள் வந்து எடுக்க வேண்டும். இது இல்லாமல் மற்ற மூன்றும் இருந்தாலும் நான் தடையை ஆதரிப்பேன்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அல்லி அவர்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். தெற்குச்சமவெளி அவர்களின் மூன்றாவது நிபந்தனையைச் சற்றே நிதானமாகப் படித்தால், அதன் பெயர்தான் உச்சவரம்பு என்பது விளங்கும். எண்ணைச் சட்டமன்றம் எழுதுவதற்குப் பதில் ஆணையம் எழுதுகிறது, அவ்வளவே. வங்கிச் சான்று நடைமுறையில் எளிதன்று. பெரும்பாலான வங்கிகள் இத்தொழிலின் பணத்தைத் தொடுவதே இல்லை என்பதால், நேர்மையானவரும் ரொக்கத்தோடுதான் வந்து நிற்பார். பினாமியும் ரொக்கத்தோடுதான் வருவார். இருவரையும் பிரித்தறிய ஒரு வழி கிடைக்கும்வரை தடை தொடர வேண்டும் என்ற என் நிலையில் மாற்றமில்லை.

தெற்குச்சமவெளி எழுதியது:

உச்சவரம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களைக் கூட்டினால் உயரும் வரம்பு அது. நீங்கள் கேட்கும் தடை எத்தனை ஆய்வாளர்கள் வந்தாலும் அசையாது. ரொக்கச் சிக்கல் உண்மைதான். அதற்கு விடை மாநிலத் தலைநகரில் இல்லை, வாஷிங்டனில் இருக்கிறது. அது வரும்வரை ஒரு மாநிலமே காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.