ஒட்டுத்துணிப் போர்வையில் அடித்துணி மடிகிறது, வழி சொல்லுங்க

தங்கச்சி மகளுக்குப் பிறந்தநாள் பரிசா, அம்மாவோட பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிறேன். அளவு 36-க்கு 45 இன்ச். மேலே சேலைத் துண்டுகள், நடுவில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, அடியில் வேட்டித் துணி. ஓரத்துல தையல் ஒழுங்கா விழுது. நடுவுக்கு வந்தா வேட்டி மட்டும் கொசுவம் மாதிரி மடிஞ்சு நிக்குது. மேலே பார்த்தா ஒண்ணும் தெரியாது, திருப்பினா அசிங்கம்!

மிஷின் கால்மிதி, நேர்த்தையல் மட்டும்தான். 16-ம் நம்பர் ஊசி போட்டேன், தையலைப் பெரிசாக்கினேன், துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தோட அழுத்தத்தைக் குறைச்சேன், நூல் டென்ஷனையும் தளர்த்தினேன். நெருக்கமா குண்டூசி குத்தியும் அதே கதிதான். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியையும் ஒண்ணா நகர்த்துற மிஷின் பாதம்) கேட்டா மதுரைக் கடைகள்ல முழிக்கிறாங்க. பிறந்தநாள் அடுத்த மாசம்.

மூணு அடுக்கையும் கையால இழையோட்டிட்டு மிஷின்ல தைச்சா இந்த மடிப்பு நிக்குமா, இல்ல முழுக்கக் கைத்தையலே போட்டுடலாமா?