ஏசி கழற்றிய கேமன்: நெல்லை வெயிலுக்குத் திரும்பப் போடலாமா?

பாளை_ரோடு

பெங்களூரில் ஒரு பழைய போர்ஷே கேமன் எஸ் ஸ்போர்ட்ஸ் கார், 987 மாடல், விலை படிந்துவிட்டது. ஒரே சிக்கல், முந்தைய ஓனர் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காக ஏசி கம்ப்ரசரைக் கழற்றி, பைப் வாயில் டேப்பைச் சுற்றி விட்டிருக்கிறார். வண்டி இனி பாளையங்கோட்டையில்தான் நிற்கும். வேலை நாளில் கங்கைகொண்டான் சிப்காட், லீவு நாளில் பாபநாசம், தென்காசி பக்கம். ஏசியைத் திரும்பப் பொருத்தினால் செலவு நன்றாகவே இழுக்கும். போடலாமா, இப்படியே ஓட்டலாமா?

முத்துநகர்_ட்ராக்

போடாதீங்க அண்ணாச்சி. போர்ஷேயே 2011-இல் கேமன் ஆர் என்று ஒன்று விட்டது. ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் துணி வார். கேமன் எஸ்-ஐ விட 55 கிலோ குறைவு. ஹோண்டா 1992-இல் என்எஸ்எக்ஸ்-ஆர் செய்தபோதும் ஏசி, ஸ்டீரியோ, சத்தம் தடுக்கும் அடைப்பு எல்லாவற்றையும் உருவி 120 கிலோ அளவுக்கு இறக்கினார்கள். செய்த கம்பெனிகளே வேண்டாம் என்று எடுத்த சாமான் அது. எடை குறைந்த வண்டி ஸ்டீயரிங்கில் பேசுவதை ஒரு தடவை கேட்டவருக்கு மறுபடி கனமான வண்டி பிடிக்காது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலும் கோவை கரி ட்ராக்கிலும் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டை_ஸ்பேனர்

தம்பி, பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். கேமன் ஆரில் ஏசி இல்லாமல் வந்தது உண்மை. கேட்டவர்களுக்கு அதே கம்பெனி காசு வாங்கிக்கொண்டு ஏசி போட்டும் கொடுத்தது. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விரிப்பு இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை, உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறுதான். அந்த வண்டியிலும் ஏசியை மட்டும் விட்டுவைத்தார்கள். எடையைக் குறைப்பதே குறி என்று செய்தவர்கள்தானே அவர்களும்?

ஏசி சாமான் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 20 கிலோ வரும். கேமன் டேங்க் 64 லிட்டர். அரை டேங்க் பெட்ரோலோடு கிளம்பினாலே அந்த 20 கிலோ குறைந்துவிடும். கம்ப்ரசர் முழு வீச்சில் சுற்றினாலும் இழுப்பது நாலைந்து குதிரைத்திறன்தான். 295 குதிரைத்திறன் இன்ஜினில் அது உங்கள் காலுக்குத் தெரியவே தெரியாது.

முத்துநகர்_ட்ராக்

20 கிலோவை மட்டும் நான் சொல்லவில்லை அண்ணாச்சி. ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அதன் சூட்டைத் தாங்கிய காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. சித்திரை வெயிலில் மலையேறும்போது தண்ணீர் சூடு ஏறினால் யார் பொறுப்பு? அப்புறம் ஏசி இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். இன்ஜின் சத்தமும் போச்சு, டயர் சத்தமும் போச்சு. அதற்குக் கேமன் எதற்கு, ஒரு நல்ல செடான் போதுமே.

குறுக்குத்துறை_டாக்டர்

வண்டி சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டுகிறவர் உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெயிலில் நிறுத்திய கார் வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 55-ஐத் தொடும். அந்தச் சூட்டில் உட்கார்ந்து ஓட்டினால் வியர்வையாக நீர் போகும், நாடித்துடிப்பு ஏறும், கவனம் சிதறும், கை கால் தாமதமாக வேலை செய்யும். இத்தனையும் நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது, அதுதான் ஆபத்து.

வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கிற ஃபார்முலா ஒன் வீரர்களுக்கே இது நடந்தது. 2023 கத்தார் பந்தயத்தில் லோகன் சார்ஜென்ட் உடம்பு தாங்காமல் பாதியில் வண்டியை நிறுத்தினார். எஸ்டெபான் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அதன் பிறகுதான், கடும் வெப்பம் என்று அறிவிக்கப்படும் பந்தயங்களில் ஓட்டுநரைக் குளிர்விக்கும் அமைப்பு காரில் இருக்க வேண்டும் என்று 2025-இல் விதி கொண்டுவந்தார்கள். லெ மான் மாதிரி நீண்ட பந்தயங்களில் மூடிய கார்களுக்கு உள்வெப்பம் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று வரம்பே உண்டு. ஏசியோடு ஓடும் பந்தயக் கார்கள் இருக்கின்றன.

ஆலங்குளம்_அன்பு

ஏசி கிடக்கட்டும், ஸ்பீடு பிரேக்கரைப் பாருங்கள். நான்குவழிச்சாலையை விட்டு ஊருக்குள் இறங்கினால் வரிசையாக உண்டு, பாதிக்கு வெள்ளைக் கோடே கிடையாது. இப்போதைய சூப்பர் கார்களில் மூக்கைத் தூக்கிக் கொடுக்கும் வசதி வருகிறது. இந்த வண்டியில் அது இல்லை. முன் பம்பருக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள்.

வண்ணாரப்பேட்டை_ஸ்பேனர்

அன்பு சொல்வது சரி. முத்துநகர் தம்பி கேட்டதற்கு வருகிறேன். இந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். சுடுதண்ணீர்க் குழாய் வண்டியின் அடியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறது. உங்கள் முதுகுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தடுப்புத்தான். சாய்வான பெரிய கண்ணாடி வழியாக வெயில் நேரே மடியில் விழும். சாதாரண காரை விட இதற்குள் சூடு அதிகம், அதனால் ஏசியும் அதிகம் தேவை.

ரேடியேட்டர் சூடு ஏறி வருகிற வண்டிகளின் முன் பம்பரைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். காற்று நுழையும் இரண்டு பக்க வாயிலும் வேப்பிலைச் சருகு, பிளாஸ்டிக் பை, மண் எல்லாம் சேர்ந்து கண்டென்சருக்கு முன்னால் மெத்தை மாதிரி அடைத்துக் கிடக்கும். அதில் ஈரம் தங்கி கண்டென்சரே அரித்துப் போயிருக்கும். பழியை ஏசி மேல் போடாதீர்கள், சருகைத் தள்ளுங்கள். மலையேறும்போது சூடு காட்டும் முள் ஏறினால் ஏசியை அணைக்க ஒரு பட்டன் இருக்கிறது.

கண்ணாடியை இறக்கி ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையிலிருந்து கங்கைகொண்டான் போகிறவர் தாழையூத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சிமென்ட் லாரிக்குப் பக்கத்தில் மதியம் 2 மணிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்ஜின் சத்தமா கேட்க முடியும்?

பாளை_ரோடு

சாரல் காலத்தில் குற்றாலம் போகும்போது எப்படி?

வண்ணாரப்பேட்டை_ஸ்பேனர்

அப்போதுதான் ரொம்பத் தேவை. ஈரக் காற்றில் முன் கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்துக்கொள்ளும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் அது நொடியில் விலகுகிறது. ஏசி இல்லாத வண்டியில் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கார்த்திகை மழையிலும் இதே கதைதான்.

முத்துநகர்_ட்ராக்

மழைக் கண்ணாடி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, தினமும் சிப்காட் போகிறவருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் என் வண்டியில் போட மாட்டேன். என் வண்டி ட்ரெய்லரில் ஏறி ட்ராக்குக்குப் போய் இறங்குகிற வண்டி. பாளை அண்ணாச்சி, எடை குறைக்க ஆசை இருந்தால் சூடேறும் சீட் இருக்கிறதா பாருங்கள். திருநெல்வேலியில் சீட்டைச் சூடாக்க ஒருத்தருக்கும் தேவை கிடையாது. மோட்டார் வைத்த கனமான சீட்டை எடுத்துவிட்டு லேசான பக்கெட் சீட் போட்டால் ஏசி எடைக்குச் சரியாகப் போகும்.

பாளை_ரோடு

ஏசியைப் போட்டுவிடுகிறேன். கழற்றிய கம்ப்ரசர் இன்னும் அந்த ஓனர் வீட்டில்தான் இருக்கிறதாம், தனியாக விலை சொல்கிறார். வாங்கலாமா?

வண்ணாரப்பேட்டை_ஸ்பேனர்

கம்ப்ரசரின் பைப் வாயை அடைத்து வைத்திருந்தாரா என்று முதலில் கேளுங்கள். திறந்தே கிடந்திருந்தால் உள்ளே எண்ணெயில் ஈரம் ஏறியிருக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். பைப் இத்தனை நாள் வெறும் டேப்போடு கிடந்ததால் ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையர் எப்படியும் புதிதாகப் போட வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஈரத்தோடு வாயுவை ஏற்றினால் உள்ளே அமிலம் உண்டாகி கம்ப்ரசரைத் தின்றுவிடும். வாக்யூம் போட்டு, கசிவு பார்த்து, ஆர்-134ஏ வாயுவை எடை வைத்து ஏற்றுகிற கடையாகப் பாருங்கள், கைக்கணக்கில் ஏற்றுகிற இடத்தில் விடாதீர்கள். கம்ப்ரசர் பெல்ட்டுக்கு சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும், அதோடு சேர்த்துப் பெல்ட்டையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.