கதை சொல்லப் போன இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

கெடிலக்கரை எழுதியது:

போன மாதம் எனக்கு 42 முடிந்தது. சித்தப்பா போனில் வாழ்த்திவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தார். "கடலூர் தண்ணிக்கே எழுத்து வரும்டா. புதுமைப்பித்தன் பொறந்தது நம்ம திருப்பாப்புலியூரு, ஜெயகாந்தன் பொறந்தது மஞ்சக்குப்பம்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். புதுமைப்பித்தன் சினிமாவுக்கு எழுதப் போய், காசநோயோடு 1948-இல் இறந்தபோது அவருக்கும் 42 வயதுதான் என்பதை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அந்த வயதுக்குள் அவர் எழுதியதையும் நான் எழுதாததையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

சென்னையில் ஒன்பது வருடம் இருந்தேன். உதவி இயக்குநர், அப்புறம் கதை விவாதத்தில் உட்காருபவன், பெயர் வராமல் வசனம் எழுதிக் கொடுப்பவன். இப்போது மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு வரை மட்டும் திரைக்கதை.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வளசரவாக்கத்தில் ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போனது. இரண்டு மணி நேரக் கதை, காட்சி காட்சியாக மனப்பாடம். இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது, அப்புறம் அவர் போனை எடுத்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். அவர் இன்னும் கொஞ்சம் போனைப் பார்த்தார், நான் இன்னும் கொஞ்சம் வேகமாக, கடைசியில் இன்டர்வெல் பிளாக்கைக் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லி முடித்தேன். "யோசிச்சு சொல்றேன் தம்பி." கோயம்பேட்டில் பஸ் ஏறி, விடியற்காலையில் கடலூரில் இறங்கும்வரை மனசுக்குள் ஒரே வாக்கியம்: உனக்கு வராது. அவர் போனை எடுத்தது எந்தக் காட்சியில் என்று ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை. இப்போது எவ்வளவு முட்டினாலும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உபயோகமான தகவல் அதுதான், அதைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்திருக்கிறேன்.

இரண்டாவது பாண்டியில், ஒயிட் டவுனில் ஒரு ஷூட்டிங். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. கணவனை வீட்டை விட்டு அனுப்பும் காட்சி, நடிகைக்கு நாலு வரி வசனம், ஐந்து டேக் போய்விட்டது, வாயில் உட்காரவில்லை. இயக்குநர் என்னைப் பார்த்து, "எதாவது பண்ணு" என்றார். நடிகரின் கையில் வண்டிச் சாவி இருந்தது. நாலு வரியையும் அடித்துவிட்டு, "வீட்டுச் சாவிய வெச்சிட்டுப் போ" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் தோளில் தட்டினார்கள், பேட்டாவில் நூறு ரூபாய்கூட கூடவில்லை என்பது வேறு கதை. ராத்திரி பீச் ரோட்டில் காந்தி சிலைகிட்ட உட்கார்ந்து யோசித்தால் சந்தோஷம் வரவில்லை. சாவி கண்ணில் பட்டது, அதனால் வந்தது, குருட்டாம்போக்கு என்று தோன்றியது. கவனித்தீர்களா, வந்ததெல்லாம் அதிர்ஷ்டத்தின் கணக்கில், வராததெல்லாம் என் கணக்கில். மளிகைக் கடையில் இப்படிக் கணக்கு எழுதினால் அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள். "நம்பிக்கையோடு இருங்கள் சகோ" மட்டும் வேண்டாம், அது என் டிடிபி கடை கேலண்டரிலேயே இருக்கிறது.

உப்பளத்துப் பெண் எழுதியது:

நான் சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம், வாரத்துக்கு ஆறு எபிசோடு. சந்தேகப்பட நேரம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வரும், துணி மடிக்கும்போது.

நீங்கள் சொன்ன கணக்குக்குப் பெயரே இருக்கிறது அண்ணா, இம்போஸ்டர் ஃபெனாமினன். பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்று இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாக ஜெயித்த பெண்கள்கூட, தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்றே நினைக்கிறார்கள் என்று. படித்ததும் நிம்மதியாக இருந்தது. அப்புறம், அவர்கள் உண்மையிலேயே திறமைசாலிகள், நான் அந்த லிஸ்டில் வர மாட்டேன் என்று தோன்றிவிட்டது!

என் அனுபவம் சின்னதுதான். எங்கள் தெருக் குழாயடியில் ஓர் அக்காவுக்கும் எனக்கும் குடம் வைப்பதில் தகராறு. அவர் இடுப்பில் கை வைத்து, "அமைதியா இருக்கேன்னா அடங்கிட்டேன்னு அர்த்தமில்ல, அளந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்" என்றார். முந்தின வாரம் நான் எழுதி, இதெல்லாம் ஒரு வசனமா என்று என்னையே திட்டிக்கொண்ட வரி. என் வசனத்தாலேயே என்னைத் திட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாயே வரவில்லை.

நெல்லித்தோப்பு மெஸ் எழுதியது:

எல்லோரும் விடாமல் எழுதுகிறவர்கள்தான் பேசுகிறீர்கள், விட்டவன் ஒருவன் பேசுகிறேன். ஏழு வருடம், வசனம் வரை முழுதாக எழுதி முடித்த பவுண்டட் ஸ்கிரிப்ட் மூன்று, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்ததும் உண்டு. விட்டுவிட்டு மெஸ் வைத்தேன்.

பயிற்சி பயிற்சி என்கிறார்கள். பத்தாயிரம் மணி நேரம் என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே, அதன் மூலம் எரிக்சன் என்ற உளவியலாளரும் மற்ற இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பார்த்தார்கள். சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் தனியாகச் செய்திருந்த பயிற்சி சராசரியாக அவ்வளவு. சராசரிதான், அவ்வளவு மணி ஓட்டினால் எவனும் வித்வான் ஆகிவிடுவான் என்று எரிக்சன் சொல்லவில்லை. குறை எங்கே என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பிடித்து, சொல்லிக் கொடுக்க ஆள் வைத்து அடிக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

வயலினில் ஸ்வரம் பிசகினால் அந்த நொடியே காதில் விழும். என் சாம்பாரில் உப்பு கூடினால் முதல் பந்தியிலேயே தெரியும். திரைக்கதையில் பிசகியது எப்போது தெரியும்? எழுதி மூன்று வருடம் கழித்து, படம் எடுத்தால், தியேட்டரில். எடுக்காவிட்டால் "யோசிச்சு சொல்றேன்". ஏழு வருடமும் எனக்குக் கிடைத்த பதில் அது ஒன்றுதான். எனக்குத் திறமை இருந்ததா இல்லையா என்று இன்றைக்கு வரை தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வருத்தமா என்றால், வெள்ளிக்கிழமை மட்டும்.

கெடிலக்கரை எழுதியது:

மெஸ் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்கு முதல் பந்தி ஒன்று கிடைத்திருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் ஆயா அன்னக்கூடையில் மீன் கொண்டு வருவார். திண்ணையில் கூடையை இறக்கினால் பத்து நிமிடம் பேச்சு. தானே புயல் கதையை அவர் வாயிலிருந்து மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை 2011 டிசம்பர் 29 சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்தார், கடல் எப்படி இருந்தது, யார் வந்து வெளியேறச் சொன்னார்கள், எங்கே தங்க வைத்தார்கள், எல்லாம் வரிசையாக. என் அம்மா நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். இரண்டாம் தடவை பக்கத்து வீட்டில் சொல்லும்போது தங்க வைத்த கதை காணோம். மூன்றாம் தடவை, கூரியர் பையன் அவசரமாக நிற்கிறான், ஆயா எடுத்த எடுப்பில், "ஓடு பறக்குது தம்பி, அப்பத்தான் ஆட்டுக்குட்டிய கட்டிப் போட்டுட்டு வந்தது ஞாவகம் வருது" என்றார். பையன் பைக்கை ஆஃப் செய்துவிட்டான்.

என் அம்மா எழுந்து போனதை வைத்து, தனக்குக் கதை சொல்ல வராது என்று ஆயா முடிவு கட்டவில்லை. எழுந்து போன இடத்தை வெட்டிவிட்டார், அவ்வளவுதான். நான் வளசரவாக்கத்தில் செய்யாத வேலை.

சரி என்று போன வாரம் என் கதையை அவரிடம் சொன்னேன். ஒரே நாளில் நடக்கிற கதை, செத்துப்போன அப்பாவின் பத்திரத்தைத் தேடி ஒரு பெண் அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள், 64 காட்சி. அதில் 31-ஆவது காட்சி ஒரு வருடமாக என்னைக் கொல்கிறது. ஓர் அதிகாரியிடம் அவள் பொறுமையாக நாலு பக்கம் பேசுவாள். ஒன்பது தடவை மாற்றி எழுதினேன், உயிரே வரவில்லை, வசனம் எனக்கு வராது என்றே முடிவு செய்திருந்தேன்.

ஆயா சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார். 31 வந்ததும் கையை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு காத்தாலேர்ந்து ஓடுதே, எங்கியாவது ஒரு வாய் சாப்ட்டுதா?"

"அது கதைக்குத் தேவையில்ல ஆயா."

"பசியோட இருக்கறவ இவ்ளோ பொறுமையா பேசுவாளா? நானா இருந்தா அந்த ஆளு மூஞ்சிலயே கூடைய கவுத்திருப்பேன்."

நாலு நண்பர்கள் அந்த ஸ்கிரிப்டைப் படித்திருக்கிறார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணிப் பார்த்தேன், முந்தின நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் இல்லை. நாலு பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக வெட்டிவிட்டேன், பொறுமை போய்விட்டது, அதிகாரிதான் இப்போது நிறையப் பேசுகிறார். அதற்கு முன்னால் டீக்கடை ஒன்று வைத்திருக்கிறேன். அவள் பன்னைப் பிய்த்து டீயில் தோய்க்கும்போது அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஆயா நாளைக்கு நெத்திலி கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.