புதுப்பிப்பு: முன்பக்க ஸ்ட்ரட் மாற்றியாச்சு

பிரேக் பிடித்தால் காரின் மூக்கு குத்துகிறது, வேகத்தடை தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை, ஷாக் அப்சார்பர் போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். ஆமாம், அதேதான். இடது ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) ஆயில் வழிந்து தூசியோடு அப்பியிருந்தது. லேசான ஈரப்பசைக்குப் பயப்பட வேண்டாம். வழிந்தால் மாற்றத்தான் வேண்டும். வீல் பேலன்சிங் சரியாக இருந்தும் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் ரோட்டில் பதியாமல் எகிறி விழுந்திருக்கிறது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது அந்த டயரைத் தடவிப் பார்த்தபோதுதான்.

இடது மட்டும் போதாதா என்றவர்களுக்கு: இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிமானம் கிடைக்காது. ஸ்ட்ரட்டைக் கார் பாடியோடு இணைக்கும் மேல் மவுண்ட்டும் மாற்றியாச்சு, பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட். தயவுசெய்து ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் வீட்டில் ஸ்ட்ரட்டைப் பிரித்துக் கழற்றாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.