காரைக்குடிப் பக்கம் டெங்கு ஆராய்ச்சிக்கு மாணவர்களைத் தயார் செய்ய: பி.சி.ஆர். மெஷின் முதலில் வேண்டுமா?

முற்றம்:
வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, நுண்ணுயிரியல் துறை. எம்.எஸ்சி. மாணவர்கள் ஆறு பேர், இளம் விரிவுரையாளர்கள் இரண்டு பேர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இவர்கள் சொந்தமாக டெங்கு ஆய்வு செய்யும் அளவுக்குத் தயாராக வேண்டும். கையில் சென்ட்ரிஃப்யூஜ் (ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் கருவி), எலிசா ரீடர் (ரத்தச் சோதனைத் தட்டைப் படிக்கும் கருவி), மைனஸ் 20 ஃப்ரீசர், நான்கு மைக்ரோபிப்பெட் இருக்கின்றன. கொஞ்சம் நிதி வருகிறது. அதில் பி.சி.ஆர். மெஷின் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் கருவி) வாங்கிவிடலாமா? இந்தப் பக்கத்து மாதிரிகள் வெளியூர் போகின்றன, முடிவும் கட்டுரையும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அது மாற வேண்டும் என்பதுதான் எண்ணம்.

செம்மண்:
மேடம், மெஷினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே சீசனில் முடிக்கக்கூடிய ஒரு கேள்வியைப் பிடியுங்கள். ‘செட்டிநாட்டில் டெங்கு நிலவரம்’ என்பது வெறும் தலைப்பு. ‘ஆள் குடியிருக்கும் வீட்டில் ஏடிஸ் (டெங்கு பரப்பும் கொசு) புழு அதிகமா, பூட்டிக்கிடக்கும் வீட்டில் அதிகமா?’ என்பது கேள்வி. இதற்குப் பி.சி.ஆர். தேவையே இல்லை.

பயிற்சியின் வடிவத்துக்கு சார்ட்-ஐடி (SORT IT) என்ற ஆய்வுப் பயிற்சி முறையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தில் 1975-இல் தொடங்கிய டி.டி.ஆர். (வெப்பமண்டல நோய் ஆராய்ச்சி, பயிற்சி) திட்டம் இதை ஒருங்கிணைக்கிறது. முதலில் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும், அடுத்து தரவைப் பதிந்து அலச வேண்டும், கடைசியில் கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, கெடுவைத் தவறவிட்டவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கண்டிப்பில்தான் வேலை நடக்கிறது. மூன்று நாள் பட்டறையும் சான்றிதழும் யாரையும் ஆராய்ச்சியாளர் ஆக்காது.

முதலில் அந்த இரண்டு விரிவுரையாளர்களைப் பழக்குங்கள். மாணவர்கள் இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள்.

நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலேயே மருந்து கொடுப்பதையும் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்ற முடிவு 1959-இல் வெளிவந்தது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் உடன் இருந்தன. ஆனால் திடீரென வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவதும் சிறுநீரைச் சோதிப்பதும் உள்ளூரில் பழகியவர்களை வைத்துத்தான் நடந்தது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஊருணி:
செம்மண் சொன்ன கேள்வியையே எடுத்தால், களத்தில் வழுக்கும் இடங்கள் இவை.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். தெருவுக்கு ஒரு குழு என்று பிரித்தால் ஒரே வீடு இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். முதல் நாள் புழு தேட வேண்டாம். வரைபடம் மட்டும் போட்டு, வீட்டுக்கு ஒரு எண், இரண்டு வாசலிலும் அதே எண்.

பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பார்க்கும் பழக்கம் எல்லாக் குழுவுக்கும் வரும். அதோடு ஆய்வு கெட்டது, ஏனென்றால் நீங்கள் தேடுவதே பூட்டிய வீட்டில் இருப்பதைத்தான். ‘பூட்டு’ என்று பதிந்து, சாவி வைத்திருப்பவரைக் கேட்டு இன்னும் இரண்டு தடவை போகவேண்டும். உள்ளே முற்றத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடம், அங்கே நிற்கும் அண்டா, கல்தொட்டி, மாடியில் மூடியில்லாத தொட்டி, அடைத்துக்கொண்ட தகரத் தூம்பு எல்லாம் பார்க்க வேண்டும். மேலிருந்து நிழல் விழுந்தாலே புழு அடிக்குப் போய்விடும். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் நின்று, டார்ச் அடித்துப் பார்த்து, பிறகு மொள்ளுங்கள். காய்ந்த பாத்திரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

கணக்குக்கு ஒரு மாதிரி: 100 வீடு, அதில் 12 வீட்டில் புழு. தண்ணீர் நின்ற பாத்திரம் 240, அதில் 18-இல் புழு. வீட்டுக் குறியீடு (100 வீட்டில் புழு உள்ளவை) 12, பாத்திரக் குறியீடு (100 பாத்திரத்தில் புழு உள்ளவை) 7.5, பிரெட்டோ குறியீடு (100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம்) 18. கூட்டுப்புழுவைத் தனியே எண்ணுங்கள், கொசுவாக வெளியே வரப்போவது அதுதான்.

இனம் காண்பதில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். அனாஃபிலிஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்திருக்கும், சிக்கல் இல்லை. ஏடிஸும் கியூலெக்ஸும் தலைகீழாகத் தொங்கும். ஏடிஸின் மூச்சுக்குழல் குட்டை, தடிமன். கியூலெக்ஸுக்கு நீளம், மெலிவு. சந்தேகம் வந்தால் வலை கட்டிய குப்பியில் கொசுவாகும்வரை வளர்த்துப் பாருங்கள். முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு என்றால் ஈஜிப்டி, நடுவில் ஒற்றைக் கோடு என்றால் அல்போபிக்டஸ். புதுச்சேரி விசிஆர்சி-யின் (கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மையம்) கள நிலையம் மதுரையிலேயே இருக்கிறது. கேட்டு, விரிவுரையாளர்களை அங்கே உட்கார வையுங்கள்.

பிப்பெட்_கை:
சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) பக்கமும் போவதாக இருந்தால், இருக்கிற கருவிகளையே முதலில் சோதியுங்கள்.

சென்ட்ரிஃப்யூஜில் ‘3000’ என்று திருப்பி வைப்பது பெரிய தப்பு. தேவை 1500 ஜி (புவியீர்ப்பைப்போல் 1500 மடங்கு விசை), 10 நிமிடம். ரோட்டர் ஆரம் 15 செ.மீ. என்றால் 3000 சுற்று சரி. 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 3660 சுற்று வேண்டும். ஸ்கேல் வைத்து ஆரத்தை அளந்து, மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். சுற்றுவதற்கு முன் ரத்தம் அரை மணி நேரம் உறையவேண்டும். ரத்தத்தை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் சிவப்பணு உடைந்து மாதிரி வீண். சீரத்தைப் பிரித்து 200 மைக்ரோலிட்டராக மூன்று குப்பியில் வையுங்கள். ஃப்ரீசர் தானாகப் பனி நீக்கும் வகையா என்றும் பாருங்கள். அந்த வகை இடையிடையே சூடாகி, மாதிரியை உருக்கி உருக்கிக் கெடுக்கும்.

பிப்பெட்டுக்கு எடைச் சோதனை. 100 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீர் 25 டிகிரியில் சுமார் 99.6 மி.கி. காட்டவேண்டும், பத்து முறை எடுங்கள். தராசு 0.1 மி.கி. வரை காட்டவேண்டும். நகைக்கடையில் 1 மி.கி. தராசு கிடைத்தால் 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்குப் போதும், 100-க்குப் போதாது. மாணவர் வாரியாகச் செய்தால் யார் கை நடுங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

படிவத்தில் ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்த மாதிரிக்கு அர்த்தமே கிடையாது. முதல் ஐந்து நாளுக்கு என்.எஸ்.1 (வைரஸின் புரதம்) சோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) சோதனை. ஐந்தாம் நாளில் ஐஜிஎம் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குத்தான் தெரியும், பத்தாம் நாளில் 99 சதவீதம். மூன்றாம் நாள் ஐஜிஎம் பார்த்து ‘டெங்கு இல்லை’ என்று எழுதக்கூடாது.

ரத்தத்தைக் கையாளுபவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம். அக்டோபருக்குள் மூன்றும் முடிய மார்ச்சிலேயே முதல் ஊசி போடவேண்டும். சிந்தினால் துடைக்க 1 சதவீத ஹைப்போகுளோரைட், அன்றன்றைக்குப் புதிதாக: 5 சதவீதக் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு.

முற்றம்:
மிகவும் நன்றி. அப்படியானால் இந்த வருடம் புழுக் கணக்கெடுப்பு, அதோடு கொஞ்சம் எலிசா. இரண்டு சந்தேகம். பூட்டிய வீட்டுக்குச் சாவி வைத்திருப்பவர் சம்மதித்தால் போதுமா? மாதிரியை வெளியே அனுப்ப நேர்ந்தால் நம் பங்கு போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

செம்மண்:
போதாது. பல வீடுகள் பங்காளிகளின் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பொது. சாவி வைத்திருப்பவர் கதவைத் திறப்பவர், அவ்வளவே. பங்காளிகளில் பொறுப்பானவரிடம் போனில் பேசி, வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்குங்கள். இந்த வழியையும் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். ரத்தம் எடுப்பதற்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டியின்படி, பதிவு பெற்ற குழுவின் ஒப்புதல் கட்டாயம். குழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும், அதனால் ஜூனிலேயே கொடுங்கள். சம்மதப் படிவம் நம் ஊர்த் தமிழில் இருக்கட்டும். ‘மீதிச் சீரத்தை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா’ என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

வெளியே அனுப்பினால் மூன்று குப்பியில் ஒன்று மட்டும் போகட்டும். போவதற்கு முன்பே, ஒரே பக்கத்தில், மூன்று விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: முடிவு எத்தனை நாளில் திரும்பி வரும், மூலத் தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. மாதிரி எண்ணுக்கும் நோயாளி பெயருக்கும் உள்ள இணைப்புப் பட்டியல் உங்கள் அலமாரியைவிட்டு வெளியே போகக்கூடாது. தரவை இரண்டு பேர் தனித்தனியே பதியட்டும். எபிடேட்டா என்ற தரவுப் பதிவு மென்பொருள் இலவசம், இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும். எக்செலில் நேரடியாகப் பதிந்தால் நவம்பர் 3 என்று எழுதிய 3-11, மார்ச் 11 ஆகிவிடலாம், காய்ச்சல் நாள் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும்.