வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு விற்க புரோக்கர் தேவையா? 3% எதற்கு?

கடலோரம்6:
வணக்கம். வெள்ளவத்தையில் 3 அறைத் தொடர்மாடி வீடு, அம்மாவினதும் அக்காவினதும் பெயரில். அக்கா ரொறன்ரோவில். 4 கோடி எதிர்பார்க்கிறோம். புரோக்கர் 3% கேட்கிறார், 12 இலட்சம் வருது. இக்மன் விளம்பர இணையத்தளத்தில் நாங்களே விளம்பரம் போட்டு விற்றால் அந்தக் காசு மிஞ்சும்தானே? புரோக்கர் என்னதான் செய்வார், எதை அவரிடம் விடக்கூடாது?

பேர்ச்கணக்கு:
நல்ல புரோக்கர் அந்த 12 இலட்சத்துக்கு இரண்டு இடத்தில் உழைப்பார். ஒன்று விலை. இக்மனில் கிடப்பது கேட்கிற விலை, உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதின விலை அல்ல. உங்கள் ஒழுங்கையில் கடைசியாக எந்த மாடி, எத்தனை சதுர அடி, எவ்வளவுக்குக் கைமாறியது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேணும். அந்த வட்டாரத்தில் அண்மையில் முடித்த மூன்று விற்பனையைச் சொல்லத் தெரியாதவர் என்றால் அவரை விட்டுவிடுங்கள். சதுர அடியிலும் கவனம். சிலர் படிக்கட்டு, நடைபாதைப் பங்கையும் சேர்த்துச் சொல்வார்கள். கூட்டாதனத் திட்டப்படத்தில் (தொடர்மாடியின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் பதிவுப் படம்) உள்ள பரப்பையே விளம்பரத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கிற அன்று பேரம் உடையும்.

மற்றது, ஆட்களை வடிகட்டுவது. கடன் எடுத்து வாங்குபவருக்கு வங்கி தன் மதிப்பீட்டில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். மீதிக் காசும், முத்திரை வரியும், உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணமும் அவர் கையில் இருக்கவேணும். மேல் மாகாணத்தில் முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. 4 கோடிக்கு 15 இலட்சத்து 99 ஆயிரம் வரும், அதை வாங்குபவர்தான் கட்டுவது. இந்தக் கணக்கைப் போடாமல் விலை பேசிவிட்டு, கடைசி நேரத்தில் குறைக்கச் சொல்லி நிற்பவர்கள் நிறையப்பேர். வீடு பார்க்க ஆளைக் கூட்டிவர முன்னமே இதைக் கேட்டு முடிக்கிறவருக்குத்தான் 3% கொடுக்கலாம்.

உறுதியும்தோம்பும்:
புரோக்கரிடம் விடக்கூடாதது உரித்து, அதாவது வீட்டின் சொத்துரிமை சரியா என்று பார்ப்பது. புரோக்கர் 'பேப்பர் எல்லாம் கிளியர்' என்று சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். வாங்குபவரின் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் 30 வருடத் தோம்பு (சொத்துக் கைமாறின பதிவேடு) பார்ப்பார். அவர் குறை கண்டுபிடிக்க முன்னம் உங்கள் சட்டத்தரணி ஒருமுறை பார்க்கட்டும். மூல உறுதி, கூட்டாதனத் திட்டப்படம், சோலைவரி (மாநகரசபைக்குக் கட்டும் வீட்டு வரி) கட்டின பற்றுச்சீட்டு, பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்று கட்டட முகாமைத்துவம் தரும் கடிதம் எல்லாம் விளம்பரத்துக்கு முன்னமே ஒரு கோப்பில் இருக்கவேணும். கார் நிறுத்துமிடம் உங்கள் உறுதியில் இருக்கிறதா, அல்லது பாவனைக்கு மட்டும் விட்டதா என்றும் பாருங்கள். இதில்தான் சண்டை வரும். திட்டப்படம் பதியப்படாத கட்டடம் என்றால் தனி வீட்டுக்கு ஒழுங்கான உறுதி எழுதமுடியாது, வங்கிக் கடனும் கிடைக்காது. எவ்வளவு கெட்டிக்காரப் புரோக்கராலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

அக்கா வராவிட்டால் அற்றோனித் தத்துவம் வேணும், அதாவது அவருக்காக இங்கே ஒருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அங்கே ஒப்பமிட்டு அனுப்பினால் போதாது, இங்கே பதியவும் வேணும். அதில் இந்த வீட்டை விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கவேணும். இன்னொன்று, கொழும்பில் பலர் மறப்பது: தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்ட திருமணமான பெண் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அக்காவுக்கு அது பொருந்துமென்றால் அத்தானின் சம்மதத்தையும் இப்போதே எடுத்துவையுங்கள்.

மூன்றாம்குறுக்கு:
புரோக்கரோடு பேசுவதை எழுத்தில் வையுங்கள், ஒரு பக்கம் போதும். வீதம், காலம் (3 மாதம் நல்லது), காசு எப்போது கொடுப்பது. அட்வான்ஸ் அன்று கொடுக்காதீர்கள், உறுதி ஒப்பமாகிற அன்று கொடுங்கள். அட்வான்ஸோடு உடைகிற பேரம் ஏராளம். வாங்குபவரிடமும் கமிஷன் எடுக்கிறாரா என்று நேரே கேளுங்கள்.

'உங்கள் கைக்கு 4 கோடி வந்தால் போதும்தானே, மிச்சத்தை நான் பார்க்கிறன்' என்பவருக்குச் சம்மதிக்கவேண்டாம். மேலே எவ்வளவு வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியவராது, அந்த மேல்விலையால் நல்ல ஆளும் திரும்பிப்போவார். ஒரே வீட்டை ஐந்து புரோக்கர்மாரிடம் கொடுப்பதும் கூடாது. ஒருவர் 4 கோடி, மற்றவர் 4 கோடி 30 என்று போட, பார்க்கிறவர்கள் வீட்டில் ஏதோ பிழை இருக்கிறதென்று நினைப்பார்கள். அட்வான்ஸை புரோக்கரின் கணக்குக்குப் போடவே விடாதீர்கள். நொத்தாரிசின் முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, உரிமையாளரின் பெயருக்கு வங்கிக் காசோலையாக வாங்குங்கள்.

கடலோரம்6:
மிக்க நன்றி. மூலதன ஆதாய வரிக்கு (விற்ற இலாபத்தின் மேலான வரி) புரோக்கர் ஏதாவது செய்வாரா?

உறுதியும்தோம்பும்:
இல்லை, அது வரிக் கணக்காளரின் வேலை. அம்மா அந்த வீட்டை 3 வருடமாவது தொடர்ந்து சொந்தமாக வைத்திருந்து, அதில் 2 வருடமாவது வசித்திருந்தால் பிரதான வசிப்பிடம் என்று அவருடைய பங்குக்கு விலக்குக் கேட்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் பங்குக்கு அது சரிவராது. 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கின வீடென்றால் அன்றைய சந்தைப் பெறுமதிதான் ஆதாயக் கணக்கின் தொடக்கம். அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கையை ஒரு பட்டய மதிப்பீட்டாளரிடம் விற்க முன்னமே எடுங்கள். வீடு கைமாறினபின் உள்ளே போய் அளக்கப் புது உரிமையாளரிடம் கெஞ்சவேண்டி வரும்.